முதல் வெளிச்சத்துக்கே எழுந்தவர்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் டிஜிட்டல் கேமரா ஒரு படத்துக்கு இரண்டு முறை வெளிச்சம் அடிக்கும். முதலில் அடிப்பது சும்மா. ஆளின் கண் படத்தில் சிவப்பாக விழாமல் இருப்பதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. அதற்குப் பிறகு ஒன்று எண்ணும் நேரம் கழித்து இரண்டாவது வெளிச்சம் வரும், அப்போதுதான் படம் விழும். அந்தச் சின்ன இடைவெளியை என் அப்பா கடைசிவரை கற்றுக்கொள்ளவே இல்லை என்றுதான் பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் வெளிச்சம் அடித்த உடனேயே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்.

அதனால் அப்பா இருக்கும் படம் என்றால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்திருப்பாள். பக்கத்து நாற்காலியில் வெள்ளைச் சட்டை ஒன்று பாதி எழுந்த நிலையில் கலங்கித் தெரியும். சட்டைக்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் மாநிறத்தில் ஓர் இழுப்பு. நான் பொறுமைசாலி இல்லை. அலுவலகத்திலும் எனக்கு அப்படிப் பெயர் கிடையாது, வீட்டில் சுத்தமாகக் கிடையாது. "ஏம்பா, ஒரு நிமிஷம் உக்கார முடியாதா உங்களால?" என்று கத்துவேன். அவர் சிரித்துக்கொண்டே உட்காருவார். மறுபடி எடுப்பேன். மறுபடி எழுந்துவிடுவார்.

அந்தக் கேமராவை வாங்கி வந்தவன் என் தம்பி. மஸ்கட்டில் வேலைக்குப் போய் முதல் விடுமுறையில் வந்தபோது, எல்லாருக்கும் சென்ட், சோப்பு, டார்ச் லைட் என்று எடுத்துவிட்டு, கடைசியில் பெட்டியின் அடியிலிருந்து துணியில் சுற்றி இதை எடுத்து என்னிடம் கொடுத்தான். "அக்கா, மாசாமாசம் இவங்க ரெண்டு பேரையும் எடுத்து எனக்கு மெயில்ல அனுப்பு" என்றான். கடற்கரை ஸ்டேஷன் பக்கம் ஓர் அலுவலகத்தில் நான் அப்போது கிளார்க். கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் வீட்டில் நான்தான். கல்யாணம் ஆகவில்லை, ஆகப்போவதும் இல்லை என்று வீட்டில் எல்லாரும் பேசாமலே ஒத்துக்கொண்டிருந்த வயது. சிட்லபாக்கத்தில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, அப்பா சிறுகச் சிறுகக் கட்டிய வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

கேமரா கைக்கடக்கமானது என்று சொல்ல முடியாது. வெள்ளி நிறத்தில், சோப்பு டப்பா கனத்தில் இருக்கும். பட்டனை அமுக்கினால் ஒரு சின்ன இசை வாசித்துவிட்டுத்தான் மூக்கை வெளியே நீட்டும். பின்னால் தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை. வெயிலில் அதில் எதுவும் தெரியாது, முந்தானையால் மூடிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். ஆனாலும் எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே பார்க்கலாம் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். தெருவில் ஒரு வீட்டு வளைகாப்புக்கு எடுத்துப்போனபோது பெண்கள் வளையல் அடுக்குவதை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அந்தக் கர்வம் எனக்கு நிறைய இருந்தது, இப்போது ஏன் மறைக்க வேண்டும். கேமராவைப் பட்டுப்புடவைகளுக்கு நடுவே பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என்னோடு வைத்துக்கொண்டேன். வேறு யாரும் தொடக் கூடாது.

அப்பா தொட்டதெல்லாம் அதன் பேட்டரியைத்தான். இரண்டு பென் டார்ச் செல் போட வேண்டும், பத்துப் படம் எடுப்பதற்குள் தீர்ந்துவிடும். குரோம்பேட்டை தோல் கம்பெனி ஒன்றில் முப்பது வருடம் மெஷின் ஓட்டி ரிட்டயர் ஆனவர் அவர், எந்த இயந்திரத்தின் பசியையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்வார். தீர்ந்துபோன செல்களை மொட்டைமாடியில், அம்மா வடகம் காயவைத்திருக்கும் துணியின் ஓரத்தில், வரிசையாக வெயிலில் வைப்பார். சாயங்காலம் எடுத்துவந்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடுவார். அவசரத்துக்கு டிவி ரிமோட்டிலிருந்தும் சுவர்க் கடிகாரத்திலிருந்தும் கழற்றுவார். படம் எடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் கடிகாரம் நின்றுபோயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆனால், "பாப்பா, செல்லு ரெடியா கீது" என்று வந்து நிற்பார். முப்பத்துநாலு வயதுப் பெண்ணைப் பாப்பா என்று கூப்பிடுவதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை.

மெமரி கார்டில் இருபது படத்துக்கு மேல் இடம் இருக்காது. நிரம்பிவிட்டால் ஏதாவது சிலதை அழித்தால்தான் அடுத்ததை எடுக்க முடியும். ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவதுபோல் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பேன். கண் மூடியது, தலை வெட்டுப்பட்டது, கலங்கியது என்று கழித்துக்கொண்டே வருவேன். கலங்கியது என்றால் அப்பா. குப்பைத்தொட்டிப் படம் போட்ட பட்டனை அமுக்கினால் நிச்சயமா என்று ஒரு முறை கேட்கும், இன்னொரு முறை அமுக்கினால் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா ஒரு நாள் அந்தக் குப்பைத்தொட்டியைப் பார்த்துவிட்டாள். "மனுஷங்க படத்தை ஏன் பாப்பா குப்பையில போடறே? இருந்துட்டுப் போவட்டுமே" என்றாள். "இடம் இல்லம்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு அழித்தேன். அம்மா உள்ளே எழுந்து போய்விட்டாள்.

முதல் சில மாதங்கள் அப்பா கேமராவைக் கேட்டார். "குடும்மா, நீ போய் அம்மா பக்கத்துல நில்லு. நான் அமுக்கறேன்" என்று கையை நீட்டுவார். அவருடைய வலது ஆள்காட்டி விரலில் நகம் கிடையாது. தோலைப் பதப்படுத்தும் ரோலரில் மாட்டி நுனி நசுங்கிப்போனது, அந்த விரல் மடங்காது. தண்ணீர் டம்ளரைக்கூட மற்ற விரல்களால்தான் பிடிப்பார். நான் கொடுக்கவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை ஏதோ சாக்குச் சொன்னேன். மூன்றாவது தடவை, முந்தின நாள் ரயிலில் கூட்டமோ அலுவலகத்தில் ஏச்சோ எதுவோ, "உங்க கையில குடுத்தா கீழ போட்டுடுவீங்கப்பா" என்று சொல்லிவிட்டேன். அவர் தன் கையை ஒரு முறை பார்த்தார். பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அதற்கப்புறம் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் முதல் வெளிச்சத்துக்கு எழுவது மட்டும் நிற்கவில்லை.

ஒரு பொங்கல் நன்றாக நினைவிருக்கிறது. தம்பி பிரிண்ட்டும் கேட்டானே என்று, அதற்கு முந்தின வாரம் கார்டை மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவில் பிரிண்ட் போடக் கொடுத்திருந்தேன். பண்டிகை வேலையில் அது சுத்தமாக மறந்துவிட்டது. பூஜை முடிந்து, அப்பா மடிப்புக் கலையாத புதுச் சட்டையும் வேட்டியுமாக ஹாலில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் விபூதி. சட்டைக் காலரில் கடைக்காரன் குத்திய குண்டூசி ஒன்றை எடுக்காமல் விட்டிருந்தார். ஹாலில் பொங்கல் பானை, கரும்பு, வாழையிலை என்று இடமே இல்லாததால் வழக்கத்தைவிடக் கிட்ட நின்று அமுக்கினேன். முதல் வெளிச்சம். எழுந்துவிட்டார். இரண்டாவது வெளிச்சம். உடனே செல் தீர்ந்து திரை அணைந்துவிட்டது. செல்லை மாற்ற அடிமூடியைத் திறந்தால் கார்டு வைக்கும் இடம் காலி. "கார்டே இல்ல. நல்லதாப் போச்சு, எப்படியும் நீங்க எழுந்துட்டீங்க" என்று மூடி பீரோவில் வைத்துவிட்டேன். கார்டு இல்லையென்றால் படமும் விழுந்திருக்காது என்பது என் அறிவு.

அதற்கு நாலு வருடம் கழித்து அப்பா போனார். செவ்வாய்க்கிழமை காலையில் நெஞ்சு அடைக்கிறது என்றார். ஆட்டோ வந்து நிற்பதற்குள் முடிந்துவிட்டது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தெருக்காரர்கள் இரண்டு பேர் வாசலில் தயங்கி நின்று, கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வேண்டும், "அய்யா போட்டோ ஒண்ணு குடுங்கக்கா" என்றார்கள். எங்கள் பக்கம் அது வழக்கம். உடலை எடுப்பதற்குள் தெருமுனையில் ஆள் உயரத்துக்குப் படம் நின்றுவிடும். நான் பீரோவைத் திறந்தேன். கேமராவை எடுத்துக் கார்டைப் பார்த்தேன். அம்மா இருந்தாள். ஏரி இருந்தது. பக்கத்து வீட்டுப் பூனை மூன்று படங்களில், மூன்றிலும் தெளிவாக இருந்தது. அப்பா இல்லை.

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். எத்தனை முறை உட்கார்ந்திருப்பார். எல்லாவற்றையும் நானே, இந்தக் கட்டைவிரலால், இரண்டு முறை அமுக்கி அழித்திருந்தேன். பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை அப்பாவுக்காக வந்ததா இதற்காக வந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

கடைசியில் வாக்காளர் அட்டையைக் கொடுத்தேன். அதிலிருந்த தபால்தலை அளவு முகத்தைப் பெரிதாக்கி அடித்துத் தெருமுனையில் கட்டினார்கள். கண்ணுக்குப் பதிலாக இரண்டு கறுப்புக் குழி, மூக்கைக் காணோம், உதட்டின்மேல் முத்திரையின் ஓரம் விழுந்திருந்தது. போலீஸ் தேடும் ஆளைப்போல என் அப்பா தெருமுனையில் நின்றார். ஊர்வலம் அந்தப் பேனரைத் தாண்டித்தான் போனது. நான் வீட்டு வாசலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குள் மாலை போட ஒழுங்கான படம் ஒன்று வேண்டும். வீட்டில் இருந்த பழைய படம் அவர்களுடைய கல்யாணப் படம் ஒன்றுதான். அதில் அப்பாவுக்கு இருபத்துநாலு வயது, மீசைகூட முழுதாக முளைக்கவில்லை. பிரிண்ட் போட்டுக்கொடுக்கும் அதே மேற்குத் தாம்பரம் ஸ்டுடியோவுக்கு, கல்யாணப் படத்தையும் வாக்காளர் அட்டையையும் எடுத்துக்கொண்டு போனேன். "கவலைப்படாதீங்கக்கா, நான் செட் பண்ணிக் குடுக்கறேன்" என்றார் ஸ்டுடியோக்காரர். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். இரண்டு நாள் கழித்துக் கையில் கொடுத்தார். கோட்டு, சிவப்பு டை, பின்னால் நீல வானம். கழுத்துக்கு மேலே இருபத்துநாலுக்கும் அறுபத்தெட்டுக்கும் நடுவில் யாரோ ஒருவர், பவுடர் பூசின முகத்தோடு. "இன்னாத்துக்குங்க கோட்டு?" என்று கேட்டேன். எப்போதும் அப்படிப் பேசாத எனக்கே அன்று அப்பாவின் பேச்சு வாயில் வந்தது. "எல்லாருக்கும் அப்படித்தான்க்கா போடறது. கௌரவமா இருக்கும்" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்தேன். அம்மா கிட்டே வந்து பார்த்தாள். தள்ளிப்போய்ப் பார்த்தாள். "யாரு வூட்டு ஆளு இவரு?" என்றாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். படத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "இதுக்கு நான் வெளக்கு ஏத்த மாட்டேன் பாப்பா. படமே இல்லன்னாலும் பரவால்ல, வெறும் செவுத்துக்கு ஏத்தறேன்" என்றாள். நாற்பத்துநாலு வருடம் கூட வாழ்ந்தவரை வெறும் சுவரில் பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மாவைச் சொல்லவைத்தது நான்தான். அந்த வாரம் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தம்பிக்கு லீவு கிடைத்து வந்து சேரும்போது பத்து நாள் ஆகிவிட்டது. நான் அனுப்பிய மெயில்கள் அவனிடமும் இல்லை. மெயிலில் இடம் இல்லாத காலம், அவனும் அழித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறான். அனுப்பியதிலும் பிரிண்ட் போட்டதிலும் அப்பா தெளிவாக இருந்ததில்லை என்பது வேறு. கேமராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், "அக்கா, இந்தக் கண்ணு மார்க்க ஆஃப் பண்ணிருக்கலாமே" என்றான். மேலே ஒரு சின்னப் பட்டன். கண் படம் போட்டது. அதை ஒரு முறை அமுக்கியிருந்தால் முதல் வெளிச்சமே வந்திருக்காது. ஒரே வெளிச்சம், ஒரே படம், அப்பா முழுசாக உட்கார்ந்திருப்பார். கூட வந்த புத்தகத்தில் நாலாவது பக்கத்திலேயே அது போட்டிருந்ததாம். எட்டு மணிநேரம் அலுவலகத்தில் ஃபைல் படிக்கிறவள், அந்தப் புத்தகத்தை உறை பிரிக்காமல் வைத்திருந்தேன்.

அழித்த படங்களை மீட்டுத்தருவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பதினாலாம் நாள் காலை தம்பி கார்டை மட்டும் கழற்றிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனான். அழித்த இடத்திலேயே மறுபடி மறுபடி எடுத்திருப்பதால் ஒன்றும் தேறாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவன் திரும்பி வருவதற்குள் இங்கே வேறொன்று நடந்தது.

காலிக் கேமரா மேஜைமேல் கிடந்தது. அதைத் திரும்பப் பீரோவில் வைக்கலாம் என்று எடுத்தேன். ஏனோ அப்பாவின் பிஸ்கட் டின்னையும் திறந்தேன். ஆறு செல்கள் இருந்தன. கடைசியாக எந்த வெயிலில் வைத்தாரோ. இரண்டைப் போட்டுப் பார்த்தேன், கேமரா விழிக்கவில்லை. வேறு இரண்டைப் போட்டேன். அதே பழைய சின்ன இசை வந்தது, மூக்கை நீட்டியது. கார்டு இல்லாதபோது பார்க்க என்ன இருக்கிறது என்று தெரிந்தும், கைப்பழக்கத்தில் படம் பார்க்கும் பட்டனை அமுக்கினேன்.

ஒரு படம் இருந்தது.

கேமராவுக்கென்று உள்ளேயே கொஞ்சம் இடம் உண்டு, கார்டு இல்லாதபோது எடுப்பது அங்கே போய்விடும், கார்டைப் போட்டதும் அது கண்ணுக்குத் தெரியாது என்று பிறகு தம்பி விளக்கினான். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. இல்லை என்று நான் நினைத்த ஒரே காரணத்தால் என் கையிலிருந்து தப்பித்த படம் அது. பொங்கல். புதுச் சட்டை, காலரில் குண்டூசி. அப்பா பாதி எழுந்திருக்கிறார். முகம் லேசாகத்தான் கலங்கியிருக்கிறது. அவர்தான். நெற்றி விபூதி, பற்கள் தெரியும் சிரிப்பு, எல்லாம் இருக்கிறது. முகத்துக்கு முன்னால், வெளிச்சத்துக்குக் கிட்டத்தில் இருந்ததால் எல்லாவற்றையும்விடப் பெரிதாக, வெளுப்பாக, அவருடைய வலது கை. என்னை நோக்கி நீட்டியிருந்தது. நகமில்லாத விரலை மட்டும் உள்ளங்கையோடு மறைக்கப் பார்த்திருக்கிறார், அது மடங்காமல் தனியாக நிற்கிறது.

அம்மாவைக் கூப்பிட்டேன். வந்தாள். முந்தானையால் திரையை மூடிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். "இதோ கீறாரே" என்றாள்.

"பாரும்மா, இதுலயும் எழுந்துட்டாரு. கடைசிவரைக்கும் அந்த ரெண்டாவது லைட்டு அவருக்குப் புரியவே இல்ல" என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "யாரு சொன்னா? அவருக்குத் தெரியும். மெஷின் ஓட்டின மனுஷனுக்கு அது தெரியாதா? ரெண்டாவதுலதான் படம் வுழுதுன்னு எனக்கே அவருதான் சொன்னாரு."

"அப்புறம் ஏன் எழுந்தாரு?"

"உன்கிட்ட அத்த வாங்கறதுக்கு. 'எல்லாப் படத்துலயும் நாம ரெண்டு பேருதான் கீறோம், பாப்பா ஒண்ணுத்துலயும் இல்ல. அது வுழறதுக்குள்ள போய் வாங்கிடலாம்னு பாக்கறேன், கால் வர மாட்டேங்குது'ன்னு சொல்லினு இருப்பாரு. நீதான் கத்துவியே, அதனால உன்கிட்ட சொல்ல மாட்டாரு."

"நீயாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"உனுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள் அம்மா.

அன்று சாயங்காலம் வரை அந்தக் கேமராவை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா சொன்னது சரிதான். அதில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் எதிலும் நான் இல்லை. என்னைப் படத்தில் சேர்க்க அவருக்கு ஒரே வழிதான் இருந்தது, தான் வெளியே வருவது. கேமராவை அவர் கையில் கொடுத்திருந்தாலும் அவர் படத்தில் இருந்திருக்க மாட்டார், நான் இருந்திருப்பேன். அதைத்தான் அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கலங்கல் என்று அழித்துக்கொண்டிருந்தேன். கீழே போட்டால்தான் என்ன, உடைந்தால்தான் என்ன. இன்று அந்தக் கேமரா எந்தச் செல்லுக்கும் விழிக்காமல், காகித எடைக்குக்கூட உதவாமல் அதே பீரோவில் கிடக்கிறது. அதை அன்றைக்கு ஒரு தரம் அவர் கையில் கொடுத்திருக்கலாம்.

கேமராவையே எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனோம், இந்த முறை அம்மாவும் வந்தாள். ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "முகம் ஓரளவுக்குக் கொண்டாந்துடலாம்க்கா. இந்தக் கைதான் இடிக்குது. கையை வெட்டிட்டு கோட்டு போட்டுடவா?" என்றார். அம்மா சட்டென்று, "கைய வெட்டாதீங்க சார். ஒண்ணுத்தையும் வெட்டாதீங்க. எப்பிடிக் கீறாரோ அப்பிடியே குடுங்க" என்றாள். அப்படியே கொடுத்தார். கோட்டுப் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

பதினாறாம் நாள் அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டு, அம்மா விளக்கேற்றினாள். மாலை கைமேல் விழாமல் இருக்கத் தம்பி இரண்டு பக்கமும் ஆணி அடித்து அகலமாகக் கட்டியிருந்தான். சாமி படம்போல அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆளை எதிர்பார்த்து வந்த உறவுக்காரர்கள் வந்து நின்று விழித்தார்கள். குன்றத்தூரிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் தங்கை, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டாள்.

"இன்னா அண்ணி, அண்ணன் பாதியில எழுந்துகினு கீது? எங்க போவுது?"

"பாப்பாகிட்ட" என்றாள் அம்மா, திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டே.

நான் பந்தியில் இலை போடுகிற சாக்கில் அங்கிருந்து எழுந்து போய்விட்டேன்.